பால் இல்லாத டீ, தயிர் இல்லாத பிரியாணி: குடியிருப்பில் ஒரு ருசி மாலை நடத்த யோசனை தேவை

வைகைக்கரை:

மதுரையில் 130 வீடுகள் கொண்ட குடியிருப்பு. புரட்டாசியில் ஒரு ஞாயிறு மாலை 4 மணி முதல் 7 மணி வரை, சங்கக் கட்டடத்தை ஒட்டிய திறந்தவெளியில் தாவர உணவு ருசி மாலை ஒன்று நடத்தத் திட்டம். கறி, முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய், தேன் எதுவும் இருக்காது. விற்பனை இல்லை, எல்லாம் இலவசம். 150 பேர் வருவார்கள் என்று கணக்கு. கையில் 15,000 ரூபாய். சமையலுக்குப் பக்கத்து மகளிர் சுயஉதவிக் குழு ஒத்துக்கொண்டிருக்கிறது.

இப்போதைக்குப் பட்டியல் இதுதான்: பலாக்காய் பிரியாணி, வாழைப்பூ வடை, வேர்க்கடலைத் தயிரில் தயிர்சாதம், சோயா பால் ஃபில்டர் காபி, பாதாம் பால்.

கேட்க நினைப்பவை:

1. பட்டியல் சரியா? 150 பேருக்கு என்ன அளவு?
2. சோதனைக்குப் போட்ட சோயா காபி டம்ளரிலேயே திரிந்துவிட்டது. ஏன்?
3. அழைப்பில் என்ன எழுதுவது? "சைவ விழா" என்று போட்டால் கோயில் நிகழ்ச்சி என்று நினைக்கிறார்கள். "வீகன்" என்றால் பாதிப் பேருக்குப் புரியவில்லை.
4. வந்து சாப்பிட்டுப் போனதால் ஏதாவது மாறியதா என்று பிறகு எப்படித் தெரிந்துகொள்வது?

---

அடுப்படி:

முதலில் பலாக்காயை எடுங்கள். பிரியாணிக்கு வேண்டியது பிஞ்சுப் பலா. அது மாசி, பங்குனி வாக்கில் வரும் சரக்கு. புரட்டாசியில் மார்க்கெட்டில் தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் டப்பாவில் உப்புத் தண்ணீரில் கிடப்பதுதான். அந்தப் புளிப்பு மசாலாவோடு ஒட்டாது. பாதாம் பாலும் வேண்டாம், 150 பேருக்கு அது பட்ஜெட்டைத் தின்றுவிடும். கடையில் விற்கும் பாதாம் மிக்ஸ் பலவற்றில் பால் பவுடர் இருக்கும், யாராவது அவசரத்துக்கு அதை வாங்கிக் கலக்கிவிட்டால் மொத்த நிகழ்ச்சியும் பொய்யாகிவிடும்.

மதுரையில் இருந்துகொண்டு பாதாம் பாலைத் தேடுவானேன்? பருத்திப்பால் உங்கள் ஊர்ச் சரக்கு. ஒரு சொட்டு மாட்டுப்பால் இல்லாமல் தெருமுனையில் தலைமுறை தலைமுறையாக விற்கிறார்கள். நுழைவாயிலில் முதல் டம்ளராக அதையே கொடுங்கள். "தாவரப் பால் என்றால் என்ன?" என்று மைக்கில் விளக்கவே வேண்டியதில்லை.

தலைக்கு 100 மில்லி, 150 பேருக்கு 15 லிட்டர். அதற்குப் பருத்திக்கொட்டை 2 கிலோ, பச்சரிசி 400 கிராம், கருப்பட்டி அல்லது வெல்லம் 2 கிலோ, தேங்காய் 5, சுக்கு 50 கிராம், ஏலக்காய் 15 கிராம், விருப்பப்பட்டால் சித்தரத்தையும் திப்பிலியும் கொஞ்சம். கொட்டையை நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவி இரவு முழுக்க ஊற வையுங்கள். மறுநாள் ஆட்டி வெள்ளைத் துணியில் பிழிந்து, சக்கையைத் திரும்பப் போட்டு இன்னும் இரண்டு முறை பால் எடுக்கலாம். ஊறிய அரிசியைத் தனியாக அரைத்து வையுங்கள். பருத்திப்பால் கொதி வந்ததும் அரிசி மாவைக் கரைத்து ஊற்றிக் கை விடாமல் கிளற வேண்டும். இந்த இடத்தில் கைபேசியைப் பார்த்தால் அடிப்பிடித்துவிடும், அந்த வாடையை ஏலக்காய் மறைக்காது. பச்சை வாசனை போய்க் கெட்டியான பிறகு வெல்லப்பாகை வடிகட்டி ஊற்றுங்கள், கடைசியில் தேங்காய்த் துருவலும் சுக்கும். பிழிந்த பாலை ஒரு மணி நேரத்துக்கு மேல் அடுப்பேற்றாமல் வைக்காதீர்கள், புளித்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. கொட்டையை நாட்டு மருந்துக் கடையில், பருத்திப்பாலுக்கு என்று சொல்லி வாங்குங்கள். விதைக் கடையில் விற்கும் விதைப்பருத்தியில் பூச்சிமருந்து ஏற்றிச் சாயம் பூசியிருப்பார்கள், அது சாப்பாட்டுக்கு ஆகாது. இரண்டாவது, பருத்திக்கொட்டையில் காசிபோல் என்ற நச்சுப் பொருள் இயல்பாகவே உண்டு. நன்றாகக் கொதிக்க வைத்தால்தான் அதன் வீரியம் குறையும். பச்சைப் பாலை ருசி பார்க்கவும் கூடாது.

பிரியாணிக்குப் பலாவுக்குப் பதில் மீல் மேக்கர். சீரகச் சம்பா 5 கிலோ, சிறிய மீல் மேக்கர் 1 கிலோ, காளான் 2 கிலோ, பெரிய வெங்காயம் 2½ கிலோ, தக்காளி 2 கிலோ, இஞ்சியும் பூண்டும் தலா 250 கிராம், எலுமிச்சை 10, தேங்காய் 4, கடலை எண்ணெய் 700 மில்லி. எல்லாம் சேர்ந்து 20 கிலோ வரை வரும். ருசிக்குத் தலைக்கு 120 கிராம் என்றால் 18 கிலோ போதும். யாரும் ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு வந்துவிடாதபடி அழைப்பிலேயே "ருசிக்கு மட்டும்" என்று போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் ஐம்பது பேரோடு அண்டா காலி.

மீல் மேக்கர் பிடிக்காது என்பவர்களில் பலருக்குப் பிடிக்காதது அதன் வாடை. உப்புப் போட்ட கொதிநீரில் 10 நிமிடம் ஊற வைத்துப் பிழிந்து, புதுத் தண்ணீரில் போட்டு மறுபடி பிழிந்து, மூன்று முறை செய்தால் வாடை போகும். 1 கிலோ ஊறிப் பிழிந்த பிறகு 3 கிலோ வரை நிற்கும். பிறகு இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு, உப்பு போட்டு அரை மணி நேரம் பிரட்டி வைத்து, எண்ணெயில் 5, 6 நிமிடம் வதக்கிவிட்டுப் பிரியாணியில் சேருங்கள். வதக்காமல் போட்டால் ஸ்பாஞ்சைக் கடிப்பது போல இருக்கும்.

தயிர் இல்லாததால் புளிப்புக்கு என்ன வழி என்று குழுவினர் கேட்பார்கள். அதனால்தான் தக்காளியும் எலுமிச்சையும் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். அரிசியை 20 நிமிடம் ஊற வைத்து, ஒரு படிக்கு ஒன்றரைப் படி என்று திரவம் அளந்துகொள்ளுங்கள். தேங்காய்ப்பாலும் அந்தக் கணக்குக்குள்தான். பாலைக் கடைசியில், தண்ணீர் கொதித்து அரிசி போட்ட பிறகு ஊற்றி உடனே தம்முக்குக் கொண்டுபோங்கள். தளதளவென்று கொதிக்க விட்டால் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும். எலுமிச்சை தம் போடும் நேரத்தில்.

வாழைப்பூ வடை சரியான தேர்வு. ஆனால் அதில் ஒரு பழக்கம் ஒளிந்திருக்கிறது: நறுக்கிய பூவை எல்லோரும் மோரில் போடுவார்கள். கறுக்காமல் இருக்கக் கை தன்னாலே மோர்ச் சட்டிக்குப் போகும். அரிசி களைந்த தண்ணீரில் கொஞ்சம் புளி கரைத்து வைத்துவிடுங்கள், அதே வேலையைச் செய்யும். பெரிய பூ 6, கடலைப்பருப்பு 2 கிலோ, 170 வடை வரும். பருப்பு 2 மணி நேரத்துக்கு மேல் ஊறினால் வடை எண்ணெய் குடிக்கும். ஆறு பூவுக்குத் தீக்குச்சி போன்ற நரம்பையும் கண்ணாடி போன்ற இதழையும் எடுக்க இரண்டு பேருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அதை நிகழ்ச்சி நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். முந்தின இரவே எடுத்து, புளித்தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

15,000-ல் மூன்றில் ஒரு பங்கைப் பாத்திர வாடகை, கேஸ், கூலிக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் மளிகை வாங்குங்கள். குழுவினர் கூலியைக் குறைத்து மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம்.

---

டிகாஷன்:

காபி விஷயத்துக்கு மட்டும் வருகிறேன்.

சோயா பால் திரிவதற்கு மூன்று காரணம், பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே வரும். காபி டிகாஷன் புளிப்புத் தன்மை உள்ளது, சோயாப் புரதத்துக்குப் புளிப்பு ஆகாது. சூடு அதை விரைவுபடுத்தும். மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: தண்ணீர். சோயா பாலில் கால்சியம், மெக்னீசியம் உப்புகளைப் போட்டுத்தான் டோஃபு செய்கிறார்கள். போர்வெல் தண்ணீரில் அதே உப்புகள்தான் கரைந்திருக்கின்றன. உப்புத் தண்ணீரில் டிகாஷன் இறக்கிச் சூடான சோயா பாலில் ஊற்றினால் டம்ளருக்குள் டோஃபு செய்வதுதான் நடக்கிறது. கேன் தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ டிகாஷன் போடுங்கள். கொதிக்கிற பாலில் ஊற்றாமல், குடிக்கும் சூட்டுக்கு இறக்கிய பாலில் டிகாஷனை மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். லிட்டருக்கு ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போட்டால் இன்னும் பாதுகாப்பு. சிட்டிகைக்கு மேல் போனால் சோப்புத் தண்ணீர் ருசி வரும்.

ஆனாலும் என் கருத்து: முதல் நிகழ்ச்சியில் காபி வேண்டாம், டீ போடுங்கள். காபிப் பழக்கம் உள்ளவர்கள் பாலின் ருசியை நுணுக்கமாகக் கவனிப்பவர்கள், அவர்களை முதல் நாளே சோதிக்க வேண்டாம். டீயில் புளிப்புக் குறைவு, ஏலக்காயும் சுக்கும் பாதி வேலையைச் செய்துவிடும்.

டீக்குச் சோயாவை விட வேர்க்கடலைப் பால் நல்லது. 1 கிலோ பச்சைக் கடலைக்கு 6 லிட்டர் பால் எடுக்கலாம். 8 மணி நேரம் ஊற வைத்து, கொதிநீரில் 2 நிமிடம் போட்டெடுத்துத் தோலை உரித்து, சுடுதண்ணீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டி, சிறு தீயில் கிளறிக்கொண்டே 15 நிமிடம் காய்ச்ச வேண்டும். கடலையை வறுத்துவிட்டு அரைத்தால் மணம் தூக்கலாக இருக்கும், ஆனால் டீ கடலை மிட்டாய் போல மணக்கும். சுருங்கிய, கறுத்த, பூஞ்சை வாடை வரும் கடலை ஒன்று கூட உள்ளே போகக் கூடாது. அதில் உள்ள அஃப்ளடாக்சின் கொதிக்க வைத்தாலும் போகாது. ஊற வைப்பதற்கு முன் பரப்பிப் போட்டுப் பொறுக்கிவிடுங்கள்.

80 மில்லி டம்ளரில், இரண்டாவது கேட்பவர்களையும் சேர்த்து 180 டீ. கடலைப்பால் 7 லிட்டர், தண்ணீர் 8 லிட்டர், டீத்தூள் 400 கிராம். தண்ணீரில் தூளையும் இஞ்சியையும் போட்டு 5 நிமிடம் கொதிக்க விட்டு வடிகட்டுங்கள். அதன்பின் தனியாகச் சூடு பண்ணிய கடலைப்பாலைச் சேர்த்து, ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்கிவிட வேண்டும். பச்சை இஞ்சியைத் தட்டி நேராகப் பாலில் போட்டால் எந்தப் பாலும் திரியும். இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி ஒன்று உண்டு, முதலில் தண்ணீரில் கொதித்துவிட்டால் அது செயலிழந்துவிடும். வெல்லம், கருப்பட்டி போடுவதாக இருந்தால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு.

தேங்காய்ப்பால் டீ போட்டுவிடாதீர்கள். திரியாது, ஆனால் மேலே எண்ணெய் மிதக்கும், பாயசம் குடிக்கிற நினைப்பு வரும். ஜிகர்தண்டாவைத் தாவரப் பாலில் செய்யலாமே என்று யாராவது உற்சாகமாகச் சொன்னால் அதையும் தடுத்துவிடுங்கள். அது சுண்டக் காய்ச்சின பாலில் நிற்கிற பண்டம். மதுரைக்காரரிடம் அரைகுறை ஜிகர்தண்டாவை நீட்டினால் மற்ற நாலு பதார்த்தத்தின் மரியாதையும் போய்விடும்.

தயிர்சாதமும் அதே ரகம். கடலைத் தயிரைப் பாலாடைத் தயிரோடு நாக்கு ஒப்பிடும். எடுத்துவிடுங்கள்.

---

வைகைக்கரை:

மிக்க நன்றி. பலாவும் காபியும் போயாயிற்று. டீயும் பருத்திப்பாலும் உறுதி.

தயிர்சாதத்தை மட்டும் விட மனம் வரவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் கேட்கப் போவது "தயிர் இல்லாமல் எப்படி?" என்பதைத்தான். அதற்கு ஒரு பதில் மேசை மேல் இருக்க வேண்டாமா? இன்னொன்று, 180 டீக்குப் பேப்பர் கப் வாங்கிவிடலாம் என்று இருக்கிறோம், சரிதானே?

---

நாலாம் தெரு:

பேப்பர் கப் வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உள்ள கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது, டீ கப் பெரும்பாலும் அந்த வகைதான். 200 எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுங்கள். கழுவ மூன்று அண்டா, இரண்டு ஆள். வடைக்கும் சுண்டல் மாதிரி எதுவும் வைத்தால் அதற்கும் தொன்னை, பிரியாணிக்குப் பாக்குமட்டைத் தட்டு. வடையை நியூஸ்பேப்பரில் வைத்துக் கொடுக்கக் கூடாது, அந்த மை உணவில் ஏறும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது.

இப்போது அழைப்பு. "சைவம்" என்ற சொல்லை எங்கேயும் எழுதாதீர்கள். இரண்டு காரணம். முதலாவது எளிது: நம் ஊரில் சைவம் என்றால் நெய்யும் தயிரும் உண்டு. புரட்டாசியில் கறியை நிறுத்துகிற வீடுகளில் பால் செலவு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. உதவிக்கு வருகிறவர்கள் பாக்கெட்டில் பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டு பிஸ்கட் வாங்கி வந்து அடுக்குவார்கள். அந்தப் புள்ளி பாலையும் அனுமதிக்கும். பின்பக்கம் மில்க் சாலிட்ஸ், வே பவுடர், சோடியம் கேசினேட் என்று இருக்கிறதா என்று ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். "நான்-டெய்ரி" என்று போட்ட, காபியில் பாலுக்குப் பதில் கலக்கும் பவுடரில்கூடக் கேசினேட் வரும், அது பாலிலிருந்து எடுப்பதுதான்.

இரண்டாவது காரணம் கனமானது. யார் என்ன சாப்பிடுகிறார் என்பதை வைத்துச் சாதி பார்த்த ஊர் இது, வீடு வாடகைக்கு விடும்போது இன்னமும் பார்க்கிறார்கள். "சுத்தமான உணவு", "சாத்வீகம்", "கறி தின்பது பாவம்" என்று ஒரு பலகை இருந்தால் போதும், அந்தத் தெருவில் பாதி வீடு அதைத் தங்கள் மீது வைத்த விரலாகத்தான் எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்வதில் தப்பும் இல்லை. எனவே அழைப்பில் உணவின் பெயரை மட்டும் எழுதுங்கள். "பால் இல்லாத டீ, தயிர் இல்லாத பிரியாணி. ருசி பார்த்துச் சொல்லுங்கள்." கேலியாகச் சிரித்துக்கொண்டே வருவார்கள், வரட்டும்.

சமைப்பவர்களும் ஒரே வீட்டு ருசியில் இருக்க வேண்டாம். கறி போடாமல், தேங்காய்ப்பால் விட்ட நோன்புக் கஞ்சி ஒரு பானை வைக்க முடியுமா பாருங்கள். கறி சமைக்கத் தெரிந்த கைதான் மீல் மேக்கரில் மசாலாவைச் சரியாக ஏற்றும். "சைவ மட்டன்" என்று மட்டும் பேர் வைக்காதீர்கள். மட்டன் என்று சொன்னதும் நாக்கு மட்டனைத் தேடும், நீங்கள் தோற்றுவிடுவீர்கள். மீல் மேக்கர் பிரியாணி என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

தேதி: சனிக்கிழமை வேண்டாம் என்ற முடிவு சரி, புரட்டாசிச் சனியன்று பெருமாள் கோயிலுக்குப் போய்விடுவார்கள். மூன்றாவது ஞாயிறுக்குள் முடித்துவிடுங்கள். கடைசி வாரம் வந்தால் எல்லோர் மனசும் புரட்டாசி முடிகிற ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை வரிசையில் நிற்கத் தொடங்கிவிடும். அக்டோபர் 5 வள்ளலார் பிறந்தநாள், அரசு அதைத் தனிப்பெருங்கருணை நாள் என்று அறிவித்திருக்கிறது, அதோடு சேர்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். 1867-ல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி, சாதி மதம் கேட்காமல் முதலில் சோற்றைப் போட்டவர் அவர். அவரிடமிருந்து அந்த வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்: சோறு முன்னால். படம், மாலை, சொற்பொழிவு என்று போனால் மறுபடி கோயில் நிகழ்ச்சி ஆகிவிடும்.

கசாப்புக் காட்சி வீடியோ போடக் கூடாது. குழந்தைகள் இருக்கிற இடம், பெற்றோர் எழுந்து போவார்கள், அடுத்த முறை வரமாட்டார்கள். "பால் விஷம்" என்று பேசுகிற பேச்சாளரையும் கூப்பிடாதீர்கள். குடியிருப்புக்குப் பால் ஊற்றுகிறவரே அந்தக் கூட்டத்தில் நிற்பார். இரண்டு மாடு வைத்துப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றிக் குடும்பம் நடத்துகிறவரிடம் அது எடுபடாது, எடுபட வேண்டிய அவசியமும் இல்லை.

உடல்நலக் கேள்விகள் கட்டாயம் வரும். "சர்க்கரை குணமாகும்" என்று பேனரில் எழுதினால் சட்டச் சிக்கல். உணவு நோயைக் குணமாக்கும் என்று விளம்பரப்படுத்த 2018-ன் விளம்பர விதிமுறைகள் இடம் கொடுப்பதில்லை. கேள்வி கேட்டால் நேர்மையாக மூன்று பதில் போதும். வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பும்படி கிடைக்காது, முழுக்க மாறுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுக்க வேண்டும், சுருள்பாசியை (ஸ்பைருலினா) நம்பக் கூடாது. கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது, 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம், எள்ளில் அதைவிட அதிகம். ஆனால் கடலைப்பாலில் கால்சியம் சொற்பம், அதை மாட்டுப்பாலுக்கு ஈடு என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்தப் பால் எதுவும் தாய்ப்பாலுக்கு மாற்று அல்ல. இதற்கு மேல் சிறுநீரக நோய், மருந்து என்று போனால், "டாக்டரைக் கேளுங்கள்". தன்னார்வலர் வாயிலிருந்து வேறு எதுவும் வரக் கூடாது.

---

புளியங்கொட்டை:

நாலாவது கேள்வியை யாரும் தொடவில்லை. இத்தனை டம்ளர் போச்சு, இத்தனை தட்டு போச்சு என்பது கணக்கே இல்லை. இலவசமாகக் கொடுத்தால் எதுவும் போகும்.

டீ மேசையில் வாய் அகன்ற இரண்டு ஜாடி வையுங்கள். "வீட்டில் போட்டுப் பார்ப்பேன்", "இங்கே குடித்தது போதும்". டீ வாங்கும்போது ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுத்தால் குடித்து முடித்ததும் ஒன்றில் போட்டுவிட்டுப் போவார்கள். பேனா தேட வேண்டாம், எழுதத் தெரிய வேண்டாம், பெயர் கொடுக்க வேண்டாம். வடை, பிரியாணி மேசைகளிலும் இதே மாதிரி தனித்தனி ஜாடி. "எது பால் டீ, எது கடலை டீ, கண்டுபிடியுங்கள்" என்று போட்டி வைக்காதீர்கள். கண்டுபிடிப்பதில்தான் எல்லோர் கவனமும் போகும், கண்டுபிடித்துவிட்டால் நீங்கள் ஏமாற்றப் பார்த்தது போல ஆகிவிடும். ஜாடி உள்ளே தெரியும்படி இருந்தால் முதலில் நிறைகிற ஜாடியையே பின்னால் வருகிறவர்களும் தொடர்வார்கள், எனவே வெளியே பேப்பர் சுற்றிவிடுங்கள்.

"போட்டுப் பார்ப்பேன்" என்பவர்களுக்கு அப்போதே கையில் ஒரு பொட்டலம்: பொறுக்கிய பச்சைக் கடலை 100 கிராம், கூடவே டிகாஷன் சொன்ன முறையை நாலு வரியில் எழுதிய சீட்டு. 100 கிராமில் 600 மில்லி பால், ஒரு வீட்டுக்கு ஒரு நாள் டீ. 60 பொட்டலத்துக்கு 6 கிலோ கடலை வாங்கினால் போதும். தனியாக வாட்ஸ்அப் குழு ஒன்று, பொட்டலம் வாங்கியவர்கள் மட்டும். மறுநாள் மாலை ஒரே கேள்வி: "திரிந்ததா, திரியவில்லையா?" திரிந்தவர்களுக்கு அங்கேயே பதில் சொல்லுங்கள். சமையல் குறிப்பு, கருத்துப்படம், காலை வணக்கம் எதுவும் அந்தக் குழுவில் வரக் கூடாது, வந்தால் இரண்டே நாளில் மியூட் செய்துவிடுவார்கள். மூன்று வாரம் கழித்து இன்னொரு கேள்வி: "இந்த வாரம் எத்தனை நாள்?" அந்த எண்தான் உங்கள் நிகழ்ச்சியின் பலன். 60-ல் 8 வீடு வாரம் இரண்டு நாள் போடுகிறது என்றாலும் அது உண்மையான எண், சங்கக் கூட்டத்தில் தைரியமாகச் சொல்லலாம்.

அலுவல் சமாச்சாரம் சுருக்கமாக. சமைக்கும் குழுவிடம் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சிறு வணிகப் பதிவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். விழாக்களில் உணவு வழங்குவதும் அந்தச் சிறு வணிகப் பிரிவுக்குள் வரும், இலவசம் என்பதால் விலக்கு இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். ஒலிபெருக்கி வைத்தால் காவல் நிலைய அனுமதி. 150 பேருக்கு அது தேவையே இல்லை.

யாராவது கடலைத் தயிரைப் பாக்கெட் போட்டு விற்க மேசை கேட்டால், வீகன் என்று லேபிளில் போட 2022-ன் வீகன் உணவு விதிமுறைகள்படி அனுமதி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். லேபிளில் பால், தயிர் என்ற சொல்லும் சிக்கல். தேங்காய்ப்பால் போல வழக்கத்தில் ஊன்றிய பெயர்களுக்குத்தான் விலக்கு. முதல் நிகழ்ச்சியில் விற்பனை மேசையே இல்லாமல் இருப்பது நல்லது.

ஒவ்வொரு மேசையிலும் கை அகலத்தில் ஒரு அட்டை: "இதில் வேர்க்கடலை உண்டு", "இதில் சோயா உண்டு". டீயில் கடலை இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள், ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு மடக்கே போதும். இவர்களுக்காகச் சுக்குக் காபி ஒரு ஃபிளாஸ்க் தனியாக வையுங்கள். அதற்குத் தனிக் கரண்டி.

---

அடுப்படி:

தயிர் விஷயத்தில் டிகாஷனோடு எனக்குப் பாதி உடன்பாடு. தயிர்சாதம் வேண்டாம். ஆனால் வைகைக்கரை கேட்டதும் நியாயம். நீர்மோர் வையுங்கள். மோரில் தயிர் கால் பங்குதான், மிச்சம் இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, பெருங்காயம், உப்பு. நாக்கு அதைத்தான் பிடிக்கும். ஒப்பிடுவதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

150 பேருக்கு 100 மில்லி, 15 லிட்டர். கடலைத் தயிர் 4 லிட்டர், குளிர்ந்த தண்ணீர் 11 லிட்டர். தயிருக்கான பாலை டீப்பாலை விடக் கெட்டியாக எடுக்க வேண்டும், 1 கிலோ கடலைக்கு 4 லிட்டர், அரைக்கும்போது 200 கிராம் முந்திரி சேர்த்தால் நீர்த்து நிற்காது.

உறைக்கு மோர் கிடையாதே என்றால், பச்சை மிளகாய்க் காம்பு. நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பே தொடங்குங்கள். காய்ச்சி ஆறிய கடலைப்பால் கால் லிட்டர், விரல் வைத்தால் இதமாகச் சுடும் பதத்தில், கழுவித் துடைத்த மிளகாய்க் காம்பு 10 போட்டு மூடி வையுங்கள். 10, 12 மணி நேரத்தில் அசைத்தால் ஒன்றாக ஆடும். காம்பை எடுத்துவிடுங்கள். இந்த முதல் தயிரை யாருக்கும் பரிமாறக் கூடாது, இது உறைக்கு மட்டும். இதிலிருந்து லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி எடுத்துப் புதுப்பாலில் விட்டால் 6 முதல் 8 மணி நேரத்தில் உறையும், காம்பு வாடையும் இருக்காது. மதுரை வெயிலில் 5 மணி நேரத்திலேயே பாருங்கள், விட்டுவிட்டால் கடுகடுவென்று புளிக்கும். மேலே இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்தால், நூல் மாதிரி இழுத்தால், மேலாக வழித்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்ற யோசனையே வேண்டாம், பானையோடு கொட்டுங்கள். அன்றைக்கு மோர் மேசை இல்லை என்று அட்டை வைத்துவிட்டால் போயிற்று.

உறைந்த தயிர் நேராக ஃபிரிட்ஜுக்கு. மாலை 3:30-க்கு வெளியே எடுத்துக் கடைந்து, மண்பானையில் ஐஸ் தண்ணீரோடு கலக்குங்கள். ஒரே தடவையில் 15 லிட்டரையும் கலக்க வேண்டாம், ஐந்து ஐந்து லிட்டராக, பானை காலியாகக் காலியாக. 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே நின்ற மோரை எடுத்துவிடுங்கள். பிரியாணி அண்டாவைத் தம் போட்ட கரியை ஒட்டியே வைத்திருங்கள், 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. 6 மணிக்கு மேல் வருகிறவர்களுக்காக வடை மாவில் மூன்றில் ஒரு பங்கை ஃபிரிட்ஜில் நிறுத்திவிட்டு அப்போதைக்கு அப்போது சுடுங்கள். ஆறிப்போன வாழைப்பூ வடை கசப்புத் தட்டும்.

---

வைகைக்கரை:

இறுதிப் பட்டியல்: பருத்திப்பால், கடலை டீ, வாழைப்பூ வடை, மீல் மேக்கர் பிரியாணி, நீர்மோர், ஃபிளாஸ்கில் சுக்குக் காபி. நோன்புக் கஞ்சிக்கு மூன்றாவது பிளாக்கில் கேட்டிருக்கிறோம். கடலை மொத்தம் எவ்வளவு வாங்க வேண்டும் என்று யாராவது கூட்டிச் சொல்ல முடியுமா? டீக்கு 1.2, தயிருக்கு 1, பொட்டலத்துக்கு 6 என்று வருகிறது.

---

டிகாஷன்:

பொறுக்கும்போது கழிவு போகும், உறைக்குக் கால் லிட்டர் பால் தனி, சோதனைக்கு ஒரு நாள் டீ. 9½ கிலோ வாங்குங்கள். தோல் உரித்த கடலை வேண்டாம், உடைந்து எண்ணெய் விட்டிருக்கும். சிவப்புத் தோலோடு முழுக்கடலையாக, புதுச் சரக்காகக் கேளுங்கள். வாயில் போட்டால் காறலாக இருக்கக் கூடாது. சோதனை டீயை நிகழ்ச்சி நாளில் பயன்படுத்தப்போகும் அதே தண்ணீரிலேயே போட்டுப் பாருங்கள்.